பொதிகளின் பெயரும் மலையகத்தின் பழைய கணினியும்

கணினி மென்பொருள்களை வகுத்துப் பெயரிடுதல் அத்துறை வல்லுநர்க்கே உரிய வேலை, அதிற் பிறர் தலையிட வேண்டுவதில்லை என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் தவறானது. மலையகத்தைப் பொறுத்தவரை தீங்கானதுங்கூட.

விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. ஹற்றன், நுவரெலியாத் தோட்டப் பாடசாலைகளையும் லயக் காம்பராக்களையும் வந்தடையும் கணினிகளுட் பல, பிறர் பயன்படுத்திக் கழித்தவை. விண்டோஸ் 11 ஐ ஏற்கமாட்டாத அப்பொறிகளுக்கு லினக்ஸே புகலிடம். லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்று, பெயர் சூட்டப்பெற்றுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டை பூட்டிய கணினியாயின், அதற்குரிய இயக்கிப் பொதியைத் தெரிந்து இடவேண்டும். பொருந்தாததை இட்டால் திரை இருண்டுவிடும். கொழும்பு மாணவனுக்குக் கேட்டறிய ஆளுண்டு. மஸ்கெலியாவில் ஒரு தோட்டப் பாடசாலையில் தனித்து நிற்கும் ஆசிரியருக்குப் பொதியின் பெயரன்றி வேறு வழிகாட்டி இல்லை.

அப்பெயர்கள் எவ்வாறு சூட்டப்பட்டன? 2007 இல் உபுண்டு வழங்கலில் மூன்று பொதிகள் இருந்தன: என்விடியா-ஜிஎல்எக்ஸ், அதன் 'லெகசி', அதன் 'நியூ'. பழையது, புதியது என்பன காலத்தைக் குறிக்கும் சொற்களேயன்றி அட்டையைக் குறிப்பன அல்ல. அடுத்த ஆண்டே புதியது பழையதாயிற்று. 2008 இல் எண்களால் பெயரிட்டனர். நற்புத்தி நிலைக்கவில்லை. 2010 இல் 'என்விடியா-கரன்ட்', அதாவது நடப்பிலுள்ளது, என்றொரு பெயர் தோன்றிற்று. 2014 இல் வெளிவந்த 14.04 பதிப்பில் அந்த 'நடப்பு' யாதெனில், ஜிபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கென ஒதுக்கப்பட்ட 304 என்னும் பழைய இயக்கி! (கட்டற்ற இயக்கியாகிய 'நூவோ' என்பதற்கும் பிரெஞ்சு மொழியிற் பொருள் 'புதிது' என்பதே. இத்துறையினர்க்குப் புதுமை மீது அத்துணை மோகம்.)

தேயிலைத் தொழிற்சாலைக்கு இத்தவறு நேர்வதில்லை. சல்லடையிற் பிரித்த தூளைப் பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப்., டஸ்ட் என்று மூட்டையிற் குறிக்கிறார்கள். மூட்டையை அவிழ்க்காமலே வாங்குவோன் உள்ளிருப்பதை அறிகிறான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தான் உருவாக்கிய இனத்தை டி.ஆர்.ஐ. 2025 என்றது, 'புதுச்செடி' என்று அதற்குப் பெயரிட்டிருந்தால் இன்று எத்துணைக் குழப்பம்!

டெபியன் 12 இல் நேர்ந்தது இதனினும் விநோதம். ஜிடி 710 போன்ற மலிந்த வீட்டு அட்டைகளுக்குரிய இயக்கி 'என்விடியா-டெஸ்லா-470-டிரைவர்' எனப்பட்டது. 'டெஸ்லா' என்பது தரவு மையங்களுக்கான அட்டைகளின் வணிகப் பெயர். 2006 இல் அறிமுகமான வேறொரு கட்டமைப்பின் பெயரும் அதுவே. அக்கட்டமைப்பு உடையவனுக்கோ இப்பொதி பயன்படாது. 'ஓப்பன்' என்னும் ஒட்டும் இத்தகையதே. கட்டற்ற மென்பொருளை விரும்புவோன் அதனைத் தெரிவு செய்வான். 2018 இல் வந்த டியூரிங் கட்டமைப்புக்கு முற்பட்ட அட்டைகளில் அது இயங்காது என்பதைப் பெயர் அவனுக்குச் சொல்வதில்லை.

பொதிகளைப் பிரிப்பதே வீண் என்று சிலர் வாதிடுவர். அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுக என்பது வரம்பற்ற இணைய வசதியுடையோரின் வாதம். இன்டெல் வரைகலை மட்டுமுள்ள கணினிக்கு என்விடியாவின் நிலைபொருளைக் கைப்பேசித் தரவிலே காசு கொடுத்து இறக்குவதேன்? டெபியன் 13 (2025) பொதுப் பொதியொன்றிலிருந்து இன்டெல், என்விடியா வரைகலை நிலைபொருள்களை அவ்வவற்றின் பெயராலேயே தனித்தனிப் பொதிகளாக்கியது, பாராட்டத்தக்க செயல். ஆர்ச் லினக்சும் 2025 ஜூனில் நிலைபொருளை நிறுவனவாரியாகப் பிரித்தது. கொள்கை சரியே. ஆயினும் புதுப்பிக்க முயன்ற பலர் கோப்பு முரண்பாட்டுப் பிழையிற் சிக்கினர். பழைய பொதியைத் தாமே நீக்கி மீள இடவேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் 590 ஆம் இயக்கி, 2016 இல் அறிமுகமான ஜிடிஎக்ஸ் 10 வரிசையைக் கைவிட்டபோது, வழமையான 'என்விடியா' பொதியின் இடத்தை 'ஓப்பன்' பொதி பிடித்துக்கொண்டது. அறிவித்தலைப் படியாது புதுப்பித்தவனின் வரைகலைத் திரை அற்றுப்போயிற்று. பெயர் தொடரும் என்று நம்பியதே அவன் குற்றம்.

தானியங்கிக் கருவி உபுண்டுவில் உண்டே, பெயரை யார் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு சாட்டு. கருவி நன்று. அது பிழைக்கும் நாளில் இருண்ட திரையின் முன் அமர்ந்திருப்பவனிடம் எஞ்சுவது பெயர்ப்பட்டியல் மட்டுமே.

பெயரையே தமிழாக்குக என்பது ஈண்டு கோரிக்கையன்று. பெயர் பொறிக்குரிய சாவி, அது உலகெங்கும் ஒன்றாயிருத்தல் நலம். பெயருடன் வரும் விளக்கமோ தமிழில் இருக்கலாம். டெபியனில் பொதி விளக்கங்களை அவரவர் மொழியில் பெயர்க்கும் திட்டம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் 'வரைகலை அட்டையா, வரைவியல் அட்டையா' என்று கலைச்சொல் அரங்குகளிற் பொருதும் நம் தமிழறிஞர், அக்கலைச்சொல்லைப் பயன்படுத்தி ஒரு பொதிக்கு விளக்கம் எழுத முன்வருவது அரிது. மேலே சுட்டிய 470 ஆம் பொதிக்கு இரண்டு வரி போதும்: 'ஜிடி 710 முதலிய கெப்ளர் அட்டைகளுக்கு உரியது. ஜிபோர்ஸ் 8 முதல் 300 வரையான பழைய வரிசைகளுக்குப் பொருந்தாது.' இதனை எழுத நிரலாக்கம் கற்றிருக்க வேண்டுவதில்லை. ஆங்கிலம் அறிந்த கலைப்பீட மாணவர் ஒருவரும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.