ஒப்பிக்கப்படும் ஆங்கிலம்: தவளக்குப்பத்திலிருந்து ஒரு மறுப்பு

புதுவையிலிருந்து கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றைக் கடந்து தவளக்குப்பம் வந்து சேர்வதற்குள், முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தருவதாக உறுதிகூறும் பலகைகள் ஒன்றுக்கு மேல் கண்ணில் படும். நாளொன்றுக்குப் பத்துச் சொல், வாரத்துக்கு எழுபது, மாதத்துக்கு முந்நூறு என்பது அவற்றின் கணக்கு. நெல்லை மணிமணியாக எண்ணி அளக்கும் உழவர் எவரையும் பாகூர் வட்டாரத்தில் நாங்கள் கண்டதில்லை. மொழியை மட்டும் அப்படி அளந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் ஆசிரியர்களும் உண்டு, பெற்றோரும் உண்டு. இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கும் இலக்கியவாதிகளையும் அந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். இக்கட்டுரை முதன்மையாக அவர்களை நோக்கியே எழுதப்படுகிறது.

புதுவைக்கெனத் தனியாகக் கல்வி வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகளும் மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. பத்தாம் வகுப்புவரை தமிழில் இயற்பியல் படித்த ஒரு பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் அச்சான தடித்த நூலை எதிர்கொண்டது. மாற்றம் சரியா தவறா என்பது தனி விவாதம். அதற்குள் இப்போது நுழைய விரும்பவில்லை. எங்கள் கேள்வி ஒன்றுதான். அந்த நூலை வாசிப்பதற்கான பயிற்சியை அந்தப் பிள்ளைக்கு யார் கொடுத்தார்கள்? சொற்பட்டியலைக் கொடுத்தார்கள். கோனார் உரை வழிவந்த பழக்கத்தில் வினா விடைகளைக் கொடுத்தார்கள். வாசிப்பைக் கொடுக்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. சீனத்தில் 1987 முதல் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத் தகுதித் தேர்வு ஒன்று நடந்துவருகிறது. அதற்கென அகரவரிசையில் அடுக்கப்பட்ட சொற்பட்டியல் நூல்கள் இலட்சக்கணக்கான கைகளில் புழங்குகின்றன. அவற்றின் முதற்பக்கத்தில் நிற்கும் சொல் ‘அபாண்டன்’. புத்தகத்தைத் திறந்ததும் ‘கைவிடு’ என்றே தொடங்குவதால் அப்போதே கைவிட்டுவிடுகிறோம் என்று சீன மாணவர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வது அங்கே பழகிப்போன நகைச்சுவை. ஆண்டுதோறும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், அந்த ஒரு சொல் மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்க வரும் ஒரு சீன மாணவர் ‘கை’க்குப் பொருள் அறிவார், ‘விடு’வுக்கும் அறிவார் என்று கொள்வோம். ‘கைவிடு’ அவருக்கு விளங்குமா? கைகூடுதல், கையளித்தல், கையாடல், கைக்கிளை என்று பட்டியலிட்டால் அவர் ஓடிப்போவார். தவளக்குப்பத்து மாணவியின் நிலையும் இதுவே. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றும் அவளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். மூன்றும் சேர்ந்து ‘பொறுத்துக்கொள்’ என்று பொருள்படுவதை எந்தப் பட்டியலும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஒரு கதைக்குள் எரிச்சலுற்ற ஒரு கிழவி வாயிலிருந்து அது வரக் கேட்டாலன்றி அவளுக்குள் தங்காது. சொற்கள் கூட்டமாக வாழ்பவை. பிய்த்தெடுத்து அட்டையில் ஒட்டினால் வண்ணத்துப்பூச்சி மிஞ்சும், பறத்தல் மிஞ்சாது.

சீனப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதியும் நம் பிள்ளைக்கு உண்டு. பஸ், டிக்கெட், கரண்டு, ரிப்பேர், லைசென்ஸ், லோன், டியூட்டி என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் பள்ளிக்குப் போகுமுன்பே அதன் நாவில் ஏறியிருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைச் ‘சொல்தா’ என்று இயல்பாக அழைக்கும் ஊர் இது. அந்நியச் சொல் இங்கே யாரையும் அச்சுறுத்தியதில்லை. பிள்ளை கொண்டுவரும் இந்த முதலை எந்த ஆசிரியரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘கரண்டு’ நமக்கு மின்சாரம் மட்டுமே. ஆங்கிலத்தில் அது ஆற்றின் ஓட்டமும் நிகழ்காலமும் ஆகும் என்று தொடங்கினால், சுண்ணாம்பாற்றின் கரையிலேயே அரைமணி நேரப் பாடம் நடத்தலாம். தமிழில் பேசினால் அபராதம் என்று விதி வைத்திருக்கும் பள்ளிகளில் இது நடவாது. அங்கே வாய் மூடப்படுகிறது. திறந்தபிறகு ஆங்கிலம் வரும் என்று காத்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்டை நினைவூட்ட வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய ஆங்கிலேயர் அவர். 1926இல் வங்கத்தின் இருமொழிச் சூழலைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. காலனிய அதிகாரியின் கண் அவருக்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி, நம் கல்வியாளர்கள் இன்றுவரை கேட்கத் துணியாதது. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள். நிற்கும் நாளில் அவர்கள் கையில் எஞ்சுவது என்ன? ஆயுள் காப்பீட்டில் இடையில் நிறுத்தியவருக்குத் திரும்பக் கிடைக்கும் ‘சரண்டர் வேல்யூ’வைத்தான் அவர் உவமை ஆக்கினார். பாதியில் நின்ற பேச்சுப் பயிற்சியால் பயனில்லை, பாதியில் நின்ற வாசிப்புப் பயிற்சி தன் அளவுக்குப் பயன்தரும் என்பது அவர் வாதம். ஆகவே வாசிப்பை முன்வைத்தார். புதுச் சொற்களைச் சிறுகச் சிறுகக் கலந்து, தெரிந்த சொற்களாலேயே கதையை நடத்திச் செல்லும் எளிய நூல்களை உருவாக்கினார். பின்னர் 1953இல் வெளியான ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அவரது பொதுப்பட்டியலும் வாசிப்புக்கான ஏணியாகத்தான் அமைந்தது, ஒப்பிப்பதற்காக அன்று.

அந்த ஏணியின் நீளத்தையும் பின்வந்தோர் அளந்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு ஆங்கில நாவலைப் பிறர் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டுத் தெரிந்திருந்தால்தான் மீதி இரண்டை ஊகிக்க இயலும் என்பது இதன் அடிப்படை. முப்பது நாள் பலகையின் முந்நூறு சொல்லை இதனருகே வைத்துப் பாருங்கள். அந்த முந்நூறும் மறக்காமல் இருந்தால் என்ற நிபந்தனையோடு.

நிற்க. பாகூர் மண்ணுக்கு ‘மேல்மொழி’ புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. அந்த ஊர்களில் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் அங்கே அமர்ந்து படித்தார்கள் என்று அது சொல்லவில்லை. ஊர் விளைவித்தது, வேறு யாரோ படித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, அந்நிய மொழியைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டு, தன் நாட்குறிப்பைப் பேச்சுத்தமிழில் எழுதினார். அவருக்கு இரண்டும் இருந்தன. இன்று நாம் உருவாக்கும் துபாஷிக்கு இரண்டுமே அரைகுறை.

இனி நம்மவர்களுக்கு வருவோம். தல்ஸ்தோயையும் மார்க்வெஸையும் ஆங்கிலம் வழியாகவோ, ஆங்கிலத்திலிருந்து வந்த தமிழ் வழியாகவோதான் நம்மில் பெரும்பாலோர் வாசித்தோம். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் கிராமத்துப் பிள்ளையின் ஆங்கிலம் என்றதும் நம் குரல் மாறுகிறது. ஒரு சாரார் ‘அது மொழி ஆதிக்கம்’ என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமன்று என்பதால் கேட்காமல் விடுகிறோம். மறுசாரார் ‘வேலைக்கு வேண்டிய அளவு பேசக் கற்றால் போதும்’ என்கிறார்கள். நமக்கு இலக்கிய ஆங்கிலம், அவர்களுக்கு நேர்முகத்தேர்வு ஆங்கிலம்! இந்தப் பங்கீட்டில் உள்ள சாதித்தனத்தை நாங்கள் மென்மையாகச் சொல்லத் தயாராக இல்லை. 2010இல் உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்ப முனைந்த சந்திரபான் பிரசாத்தை நம் அறிவுஜீவிகள் நகைத்தார்கள். தேவியை நாங்களும் வணங்கவில்லை. அந்தக் கோயிலுக்குப் பின்னிருந்த சினம் நியாயமானது.

‘தேர்வு மார்ச்சில் வருகிறது, கதை படிக்க நேரம் ஏது’ என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். ஒப்பிக்கச் செலவாகும் நேரத்தைத்தான் கேட்கிறோம். கூடுதலாக ஒரு நிமிடமும் கேட்கவில்லை. எதைப் படிப்பது என்பதற்கும் விடை நம் அருகிலேயே இருக்கிறது. தமிழில் முன்பே படித்த கதையை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை வ. கீதாவும், புதுமைப்பித்தன் கதைகளை லட்சுமி ஹோம்ஸ்ட்ராமும் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்கள். ஆடு மேய்ப்பதென்றால் என்னவென்று அறிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் பாதிப்பொருள் முன்பே கையிலிருக்கிறது. சொல் தானாக வந்து அதில் பொருந்தும். அந்நூல்களின் ஆங்கிலம் கடினம் என்றால் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ இருக்கிறது. அதுவும் கடினமென்றால் இருபது பக்கப் படக்கதை. பக்கத்தில் லிப்கோ அகராதியும் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் தேட வேண்டும் என்னும் ஆசாரம், ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவர்கள் வகுத்தது.

நகரத்தில் 1827இல் தொடங்கப்பட்டு இன்று ரொமேன் ரோலண்ட் பெயரைத் தாங்கும் நூலகம் உண்டு. அபிஷேகப்பாக்கத்திலிருந்தோ பூரணாங்குப்பத்திலிருந்தோ ஒரு சிறுமி அங்கே போய்வரப் பேருந்துக் கட்டணமும், வீட்டின் அனுமதியும், ஒரு முழு மாலையும் வேண்டும். ஆகவே நூல் அவளிடம் வரட்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஐம்பது மெல்லிய ஆங்கில நூல்கள், பூட்டில்லாத ஒரு அலமாரி, நாளுக்கு ஒரு பாடவேளை மௌன வாசிப்பு. முடிவில் தேர்வு கூடாது, மதிப்பெண் கூடாது, ‘கதையின் நீதி யாது’ என்ற கேள்வி அறவே கூடாது. இதற்குப் பணமில்லை என்பவர்கள், கடலூர் சாலையின் பலகைகளுக்குப் பின்னால் பெற்றோர் கட்டும் கட்டணத்தை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.