இருளுக்கும் ஒரு முகவரி உண்டு

ஜோசப் கொன்ராட்டின் 'ஹார்ட் ஒவ் டார்க்னஸ்' நாவலைப் பற்றி எவர் எழுதினாலும் ஒரு வாசகம் தவறாது வந்து அமர்ந்துகொள்கிறது. 'மனித மனத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டும் நூல்' என்பதே அது. பாடநூல் முன்னுரைகளில் அதுதான், பின்னட்டைக் குறிப்புகளிலும் அதுதான். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் நான் பயின்ற காலத்தில் விரிவுரை மண்டபத்திலும் அதையே கேட்டேன். கூடவே ஒரு முத்தாய்ப்பும் வரும்: 'குர்ட்ஸ் நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறான்.' கேட்பதற்கு ஆழமான கூற்றாகத் தோன்றும். ஆனால் இதைவிடச் சௌகரியமான கூற்று வேறில்லை என்பேன். எல்லோருமே குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டால், எவரையும் கூண்டில் ஏற்றவேண்டிய தேவை இல்லாமற் போய்விடுகிறது அல்லவா?

நாவலின் பின்னணியைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 1884-85இல் பேர்லின் மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆபிரிக்காவை மேசையில் விரித்துப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் கொங்கோ நதிப் படுகையைத் தமதாக்கிக்கொண்டார். பெல்ஜியம் என்ற நாட்டிற்கல்ல, தமக்கே சொந்தமாக! 'கொங்கோ சுதந்திர அரசு' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 1908இல் பெல்ஜிய அரசு அதனைப் பொறுப்பேற்கும் வரை அது அவரது தனியுடைமையாகவே இருந்தது. அந்த மண்ணில் அவர் ஒருநாளேனும் கால் பதித்ததில்லை.

1890இல் கொன்ராட் அங்கு சென்றார். பெல்ஜிய வர்த்தக நிறுவனமொன்றின் நீராவிப் படகில் பணியாற்றிய அவர், ஸ்ரான்லி நீர்வீழ்ச்சி வரை, அதாவது இன்றைய கிசங்கானி வரை, நதியில் பயணம் செய்தார். நோயுற்றிருந்த கிளைன் என்ற நிறுவன முகவரை ஏற்றிக்கொண்டு படகு திரும்பியது. வழியிலேயே அவர் இறந்தார். இந்த அனுபவத்திலிருந்து பிறந்த நாவல் 1899இல் 'பிளாக்வூட்ஸ்' சஞ்சிகையில் தொடராகவும், 1902இல் நூலிலும் வெளிவந்தது. அதில் 'கொங்கோ' என்ற சொல் இல்லை. லியோபோல்டின் பெயரோ, பிரசல்ஸ் நகரின் பெயரோ இல்லை. பெயர்கள் நீங்கியதும் வாசகனுக்கு மிஞ்சுவது நதியும், காடும், பித்தேறிய ஒரு மனிதனும்தான். அங்கிருந்து 'மனித இயல்பு' என்ற பொதுமைக்குத் தாவுவது எவருக்கும் எளிது.

அதே ஆண்டில், அதே நதியில், வேறொருவரும் பயணம் செய்தார் என்பது எமது இலக்கிய மேடைகளில் பேசப்படுவதில்லை. அவர் பெயர் ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரில் போராடியவர், வரலாற்றாசிரியர். 1890 ஜூலை மாதம் அதே ஸ்ரான்லி நீர்வீழ்ச்சியிலிருந்து அவர் லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். இனத் தலைவர்கள் ஏமாற்றப்பட்டு நிலம் பறிக்கப்பட்டமை, கைதிகள் சங்கிலியிட்டு வேலை வாங்கப்பட்டமை, அரசே அடிமை வியாபாரத்தில் ஈடுபட்டமை என்று குற்றச்சாட்டுகளை வழக்குரைஞரைப் போல வரிசைப்படுத்தினார். மனித மனத்தின் ஆழங்களை அவர் ஆராயவில்லை. செய்தது யார் என்று எழுதினார். மறு ஆண்டே இறந்துபோனார். கொன்ராட்டின் நாவல் உலகெங்கும் பாடநூலானது. வில்லியம்ஸின் கடிதத்தை இன்று எத்தனை பேர் அறிவர்?

கொங்கோவில் நடந்தவை இருண்ட உள்ளங்களின் தற்செயலான வெடிப்புகள் அல்ல. அவற்றுக்குக் கணக்கேடு இருந்தது. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபின் துவிச்சக்கரவண்டிகளும், பின்னர் மோட்டார் வாகனங்களும் இறப்பருக்குப் பெரும் பசியை உண்டாக்கின. கொங்கோக் காடுகளில் கொடியிறப்பர் தானாக வளர்ந்தது. சேகரிக்கும் இறப்பரின் அளவுக்கேற்ப அதிகாரிகளுக்குத் தரகுப்பணம் கிடைத்தது. ஆண்களைக் காட்டுக்கு அனுப்புவதற்காகப் பெண்கள் பணயக்கைதிகளாக அடைக்கப்பட்டனர். படைவீரர்கள் ரவைகளை வேட்டையில் வீணாக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, கொல்லப்பட்டவர்களின் வலது கைகளைக் கொண்டுவந்து காட்டவேண்டியிருந்தது. கணக்கைச் சரிக்கட்ட உயிரோடிருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன. வெட்டிய வீரர்களிற் பெரும்பாலோர் ஆபிரிக்கர்கள். வெட்டவைத்த விதியோ ஐரோப்பாவிலிருந்து இயங்கிய ஓர் ஆட்சியின் விதி. இதற்கு 'மனித இயல்பு' என்று பெயர் சூட்டுவது, கொள்ளைக் கூட்டத்தின் கணக்குப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு 'பேராசை பொல்லாதது' என்று நீதி சொல்லி நகர்வதற்கு ஒப்பாகும்.

குரூரம் செய்யும் ஆற்றல் எல்லா மனிதர்களுக்கும் உண்டுதானே என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆற்றல் எல்லாக் காலத்திலும், எல்லா இடத்திலும் இருக்கிறது. கூடைகளில் வெட்டுண்ட கைகளோ ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஆட்சியின் கீழ்தான் சேர்ந்தன. எங்கும் இருப்பதைக் கொண்டு, ஓரிடத்தில் நிகழ்ந்ததை விளக்கமுடியாது.

சினுவா அச்செபே 1975இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் கொன்ராட்டை இனவாதி என்றே சாடினார். ஓர் ஐரோப்பியனின் மனச்சிதைவுக்கு ஆபிரிக்கா முழுவதும் வெறும் திரைச்சீலையாக்கப்பட்டது என்பது அவரது வாதம். அந்த வாதத்தின் மையம் சரியானது என்றே கருதுகிறேன். ஆயினும் நூலைத் தூக்கியெறிய நான் உடன்படேன். அதனுள் கொன்ராட் ஒளித்துவைத்த சாட்சியம் ஒன்றுண்டு.

குர்ட்ஸ் ஓர் அறிக்கை எழுதுகிறான். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பதற்கான சர்வதேசச் சங்கமொன்றுக்காக, உயர்ந்த இலட்சியங்கள் ததும்பும் அறிக்கை அது. அதன் இறுதியில், பின்னாளில் நடுங்கும் கையால் சேர்த்த ஒரு குறிப்பு: அந்த மக்களை அடியோடு அழித்துவிடும்படி. ஐரோப்பா திரும்பிய மார்லோ அந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டே அறிக்கையை வெளியே காட்டுகிறான். கடைசியில் அது யாரிடம் போய்ச் சேருகிறது தெரியுமா? ஒரு பத்திரிகையாளரிடம்! அவரும் அவசர அவசரமாகப் புரட்டிப் பார்த்து, பிரசுரத்துக்கு உகந்ததென்று எடுத்துச் செல்கிறார். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அனைவரும் மனனம் செய்யவேண்டிய பக்கம் இது. கொலையாளியின் இலட்சிய உரை அச்சேறுகிறது, கட்டளை காணாமற் போகிறது.

கற்பனையில் மட்டுமா? கொன்ராட் 1890இல் மடாடியில் சந்தித்துப் பழகிய ரொஜர் கேஸ்மன்ட், பின்னர் பிரித்தானியக் கொன்சலாக 1903இல் கொங்கோவின் உட்பகுதிக்குச் சென்று பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் பெற்றார். 1904இல் வெளியான அவரது அறிக்கையில் ஆட்களின், ஊர்களின் பெயர்களை நீக்கி வெற்றெழுத்துகளை இட்டது பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு. கேஸ்மன்ட் கொதித்தெழுந்தார். 2020 ஜூன் 30 அன்று, கொங்கோ சுதந்திரமடைந்த 60ஆவது ஆண்டு நிறைவில், பெல்ஜிய மன்னர் பிலிப் அந்நாட்டு ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். வன்செயல்கள் 'இழைக்கப்பட்டன' என்ற பாங்கிலேயே அக்கடிதம் பேசியது. லியோபோல்டின் பெயர் அதில் இல்லை. மன்னிப்பும் கோரப்படவில்லை.

செயப்பாட்டுவினை இலக்கணத்தில் ஒரு வசதி. குற்றவாளிக்கு அது ஒரு புகலிடம். 'கலவரம் வெடித்தது', 'பொதுமக்கள் உயிரிழந்தனர்' என்று நாளாந்தம் எழுதும் எமது செய்தி மேசைகளுக்கும், 'மனித மனத்தின் இருள்' என்று எழுதும் விமர்சகர்களுக்கும் பெரிய தூரமில்லை. இரு சாராரும் எழுவாயை விழுங்கிவிடுகிறார்கள்.

மாறாக, லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றின் எழுதுவினைஞரான மொரெல் என்ன செய்தார் என்று பாருங்கள். கொங்கோவிலிருந்து இறப்பரும் தந்தமும் நிரம்பி வந்த கப்பல்கள், துப்பாக்கிகளையும் ரவைகளையும் ஏற்றிக்கொண்டே திரும்பின என்பதைக் கவனித்தார். ஈடாகப் பண்டமாற்றுப் பொருட்கள் போகவில்லையென்றால் அங்கு நடப்பது வியாபாரமல்ல, அடிமை உழைப்பு என்று முடிவுகட்டினார். வேலையைத் துறந்தார், பத்திரிகை நடத்தினார், இயக்கம் கண்டார். லியோபோல்டின் தனியாட்சி வீழ்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கொன்ராட்டின் நாவலை அவரும் போற்றினார். ஆனால் நாவலை வாசித்துவிட்டுத் தம் உள்ளத்து இருளை எண்ணிப் பெருமூச்செறிந்து அமர்ந்துவிடவில்லை.

கொன்ராட்டை வாசியுங்கள் நண்பர்களே. அருகில் வில்லியம்ஸின் கடிதத்தையும் கேஸ்மன்டின் அறிக்கையையும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இனி எவராவது ஒரு படுகொலையைச் சுட்டி 'மனித இயல்பின் இருண்ட பக்கம்' என்று சொல்லும்போது, மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: கட்டளையிட்டது யார்? இலாபம் யாருக்கு? பின்குறிப்பைக் கிழித்தது எவர் கை?