சாவி தரகரிடம், சட்டம் நம்மிடம்!



குடியிருக்க ஒரு வீடு வேண்டுமென்று புதுக்கோட்டை ராஜ வீதிகளில் ஒரு நாள் அலைந்து பாருங்கள். வீட்டுக்காரரைக் காணுமுன் தரகரைக் காண்பீர்கள். வீடு காட்டக் கூலி, பேசி முடித்தால் தரகு, முன்பணம் தனி! காலி செய்யும் நாளிலோ, ஆணி அடித்த சுவருக்கும் அழுக்கேறிய கதவுக்கும் விலை போட்டு, முன்பணத்தைக் கரைத்துவிடுவார்கள். கேட்டால், "நான் இடையில் நின்றவன்" என்பார் தரகர். "எல்லாம் அவர் பொறுப்பு" என்பார் வீட்டுக்காரர். இருவருக்கும் நடுவே ஏழையின் பணம் மறைந்துபோகும்.

தலைவிதி என்று வாளாவிருப்பதா? வேண்டாம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்கு மாற்றாக, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போக, அது திரும்பவேண்டும். உரிமையாளருக்காக வீட்டை மேற்பார்க்கும் தரகரும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே! அவர் கடமை தவறினால், வாடகைதாரரின் மனுமீது அவரை நீக்கவும், இழப்பை ஈடுசெய்ய வைக்கவும் வாடகை நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.

முறையிடும் வழி என்ன? முதலில், கேட்பதை எழுத்தில் கேளுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பதிலில்லையேல், ஒப்பந்தம், ரசீது, கடித நகல் ஆகியவற்றோடு மனுச் செய்யுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி மிரட்டினால், துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் செல்லுங்கள். தரகு வாங்கிக்கொண்டு சொன்னபடி செய்யாதவர்மீது, இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறித்தவனுக்குக் காவல் நிலையமே இடம்.

"பகைத்துக்கொண்டால் வேறு வீடு கிடைக்குமா?" என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில்தான் தரகரின் பலம் இருக்கிறது. தனியொருவர் மனு, தாள். தெருவே துணைநிற்கும் மனு, குரல்! 1991இல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் மிதிவண்டியும் கற்று நிமிர்ந்த பெண்களின் மாவட்டமல்லவா இது? அன்று பெயரெழுதப் பழகிய கைகளின் வழிவந்தோர், இன்று உரிமையை எழுதத் தயங்கலாமா?

ஆகவே, கிளைதோறும் ஒருவர் மனு எழுதித்தரும் பணியை ஏற்கட்டும். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடாதீர் என்று வீடுதோறும் சொல்லட்டும். தரகுக்கு வரம்பு, தரகருக்குப் பதிவு என்ற கோரிக்கை மாவட்டமெங்கும் ஒலிக்கட்டும். நல்ல தரகருக்கு அதனால் நட்டமில்லை, ஏய்ப்பவருக்கே நடுக்கம்!

கூரைக்குக் கூலி கொடுக்கிறோம். மானத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்கில்லை.