எண்ணிக்கை மட்டும் போதுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

மக்கள் நலத்தை எதைக்கொண்டு அளப்பது? 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. பெருமைதான்! ஆனால் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும் அதே ஆய்வு உரைக்கிறது. மருத்துவமனைக்கு வருவோர் தொகை உயர்ந்துவிட்டது. உடலில் இரத்தம் ஊறவில்லையே!

என் தந்தை ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளி. குரோமிய உப்பு பட்டுப்பட்டுக் கைகளில் ஓயாத அரிப்பு. மருத்துவரிடம் சென்றார், களிம்பு கிடைத்தது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று எவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் அவர் ஒரு புறநோயாளி, அவ்வளவே. மறுநாளும் அதே டிரம், அதே உப்பு.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வரவேற்கிறோம். எனினும் எந்த மருத்துவப் பதிவேடானாலும் நோயாளியின் தொழிலுக்கு ஓர் இடம் வேண்டும், "குணமாயிற்றா?" என்ற கேள்விக்கும் ஓர் இடம் வேண்டும்.

நண்பர்களே! சோதனைக்கூடத்தில் அளவு பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்பது நாம் கற்ற பாடம். மக்கள் மருத்துவத்திற்கும் அது பொருந்தும் அன்றோ?