முதலில் புல், பிறகு ஆடு

மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் வாழ்ந்த காலத்தில், லயத்து வீடுகளின் பின்புறம் மாட்டுக் கொட்டகைகளும் ஆட்டுக் கொட்டகைகளும் இருந்தன. பால்மரம் சீவிக் கிடைத்த கூலி போதாதபோது, பசும்பால் விற்ற காசு கைகொடுத்தது. பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ ஒரு கன்றை விற்றுச் சமாளித்த குடும்பங்கள் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின், இவ்வழக்கம் பெரிதும் குறைந்தது.

இன்று மலேசியர்கள் உண்ணும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. எனவே, உள்நாட்டில் வளர்க்கப்படும் ஆடுகளுக்குத் தேவை இருக்கிறது. கிராமப்புறத்தில் ஓரிரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் மீண்டும் இத்தொழிலில் இறங்குவது வரவேற்கத்தக்கது. ஆயினும், ஆர்வம் மட்டும் போதாது. நிலம் தரும் தீவனம் எவ்வளவு, குடும்பம் தரும் உழைப்பு எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே ஆடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். சேமிப்பு முழுவதையும் போட்டு முப்பது ஆடுகளை வாங்கிவிட்டு, பின்னர் புல்லைத் தேடி அலைகின்றனர். ஓர் ஆடு தன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பசுந்தீவனத்தை நாள்தோறும் உண்ணும். 30 கிலோ எடையுள்ள 10 ஆடுகளுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோ புல் வேண்டும். ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 11 டன் ஆகும். அரை ஏக்கரில் நேப்பியர்ப் புல்லை நட்டு, ஆட்டெருவை உரமாக இட்டுப் பராமரித்தால் இத்தேவையை ஈடுசெய்யலாம். ஆனால், நட்ட புல் முதல் அறுப்புக்கு வர இரண்டு மாதங்களாவது ஆகும். புல் வளரும்வரை ஆடு வாங்குவதைத் தள்ளிப்போடலாம். ஆட்டின் பசியைத் தள்ளிப்போட முடியாது.

உழைப்பும் அப்படித்தான். கொட்டகையைக் கூட்டுவது, புல் அறுப்பது, தண்ணீர் வைப்பது, சினை ஆட்டைக் கவனிப்பது ஆகிய வேலைகளுக்கு விடுமுறை கிடையாது. தீபாவளியன்றும் ஆட்டுக்குப் பசிக்கும். தந்தை வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால், பெரும்பாலும் தாயே எல்லாவற்றையும் சுமக்கிறார். அவரது உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. குடும்பத் தொழில் என்று பெயர் வைத்துவிட்டு, சுமையை ஒருவர் தோளில் ஏற்றுவது நியாயமன்று. பிள்ளைகளும் தங்கள் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற பங்கை ஏற்கலாம். பனி காயாத புல்லை மேய்ந்தால் குடற்புழுத் தொல்லை ஏற்படும் என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட, கொட்டகையில் கற்பவர்கள் எளிதில் மறப்பதில்லை.

தொழிற்சாலை வேலையில் மாதந்தோறும் நிலையான சம்பளம் கிடைக்கும்போது, நாற்றமும் நோயும் நிறைந்த இத்தொழில் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. பத்து ஆடுகளை மட்டுமே நம்பி ஒரு குடும்பம் வாழ இயலாது. ஆனால், சம்பளத்துக்குத் துணையாக இருக்கும் வருமானம், வேலை பறிபோகும் காலத்தில் குடும்பத்தைத் தாங்கும். நாற்றத்தையும் பெருமளவு குறைக்கலாம். தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகையில் புழுக்கை கீழே விழுந்துவிடும். அதை அன்றாடம் அள்ளிக் காய்கறிப் பாத்திக்கு இட்டால், அண்டை வீட்டார் முகம் சுளிக்க மாட்டார்கள். கொட்டகை கட்டும் முன் ஊராட்சி மன்றத்தின் விதிகளைக் கேட்டறிவதும், நோய் கண்டவுடன் கால்நடை மருத்துவரை நாடுவதும் கடமைகளாகும். வளர்ப்பவர் தம் விலங்குகளைப் பேணிக் காக்க வேண்டும் என 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் வலியுறுத்துகிறது.

ஆகவே, சிறிதாகத் தொடங்குவதே அறிவுடைமை. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும். ஐந்து ஆடுகளோடு தொடங்கும் குடும்பத்தில், மந்தை பெருகப் பெருக அனுபவமும் பெருகும். தீவனமும் உழைப்பும் எந்த எண்ணிக்கைவரை ஈடுகொடுக்கும் என்பதை அந்த அனுபவமே உணர்த்திவிடும்.