முற்பகல் விருந்தும் முதுபெருங் கட்டடமும்

பழமையைப் போற்றுதல் நன்று என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயின், போற்றும் முறை யாது என்னும் வினா எழுங்கால் கருத்து வேறுபாடு தோன்றிவிடுகின்றது. பழங்கட்டடங்களை உணவுச்சாலைகளாக மாற்றும் வழக்கம் இந்நாளில் எங்கும் பரவி வருகின்றது. புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வீடுகள் சிலவும், செட்டிநாட்டில் நகரத்தார் எழுப்பிய மாளிகைகள் சிலவும் இன்று விருந்தினர் தங்கி உண்ணும் விடுதிகளாயின. ‘நூற்றாண்டு கண்ட சுவர்களிடையே சோறும் கறியும் விற்பது பழமைக்கு இழுக்கு’ என்பார் ஒரு சாரார். ‘சோறு விற்றேனும் சுவர் நிற்கட்டும்’ என்பார் மற்றொரு சாரார். எம் விடுதியறையில் இவ்வழக்கு ஓரிரவு முழுதும் நடந்து, தீர்ப்பின்றி முடிந்தது. சென்ற விடுமுறையில் யாம் நேரிற் கண்ட ஒன்றைத் துணையாகக் கொண்டு, எம் கருத்தினை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எமது ஊர் தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணி. எம் தாய்மாமன் கொழும்பில் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதுபவர். அவர் அழைப்பிற்கிணங்கி அங்குச் சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், ‘ஒல்லாந்தர் ஆசுபத்திரிக்குப் போய்வருவோம்’ என்றார். நோயுற்ற நண்பர் எவரையோ காணச் செல்கின்றோம் என்றெண்ணி, ஆரஞ்சுப் பழம் வாங்க வேண்டாவோ என்று யாம் வினவினோம். மாமன் நகைத்தனர். சென்று பார்த்தால் கட்டில்கள் இருந்திருக்க வேண்டிய கூடத்தில் மேசைகள் இருந்தன. வெள்ளைத் துணி விரித்து, ஆப்பமும் தேங்காய்ச் சம்பலும், வாழையிலையிற் பொதிந்து சுட்ட லாம்பிரைஸ் என்னும் சோறும் பரிமாறினர்.

இக்கட்டடத்தின் வரலாறு அறியத்தக்கது. கொழும்பினை ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது 1656ஆம் ஆண்டு. இரண்டாண்டு கழித்து, 1658இல், நம் தூத்துக்குடியும் அவர் வசமாயிற்று. கடலில் நெடுநாள் உழன்று நோயுற்றுக் கரை சேர்ந்த கும்பினியாரின் மாலுமிகளுக்காகத் துறைமுகத்தினருகே அமைக்கப்பட்டது இம்மருத்துவமனை. 1681ஆம் ஆண்டிலேயே இஃது இருந்ததென்பது, அங்கு அந்நாளில் ஊழியஞ்செய்த ஜெர்மானியர் ஒருவர் எழுதிய குறிப்பால் விளங்குகின்றது. பருத்த சுவர்களும், தேக்கு உத்திரங்களும், நீண்ட தாழ்வாரங்களும், நடுவே இரு முற்றங்களும் வெம்மையைத் தடுத்து நோயாளர்க்கு ஆறுதல் அளித்திருக்கும். பிற்காலத்திற் காவல் நிலையமாகவும் இருந்து, 1996ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் அருகிலுள்ள மத்திய வங்கியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பிற் சேதமுற்றது. பின்னர்ச் செப்பனிடப்பெற்று, 2011ஆம் ஆண்டு திசம்பரில் உணவுச்சாலைகளும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. நோயாளர் கிடந்த இடத்தில் விருந்து நடத்தலாமோ என்பார்க்கு யாம் கூறுவது இது: ஆளில்லாத வீட்டிற்கு மழையும் ஆலஞ்செடியுமே குடியேறும். தூத்துக்குடியில் ஒல்லாந்தர் 1750இல் எழுப்பிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இன்றளவும் நிற்பதற்குக் காரணம், அதில் இன்றளவும் ஆராதனை நடப்பதே. பயனே கட்டடத்திற்கு உயிர். ஆகவே சோறு விற்பதைப்பற்றி எமக்கு வழக்கில்லை.

எம் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று. யாம் உண்டது பத்து மணிக்கு மேல் நண்பகலுக்கு முன். காலையுண்டியையும் நண்பகலுண்டியையும் ஒன்றாய்க் குழைத்த இவ்வேளை உணவிற்குப் ‘பிரஞ்ச்’ என்று பெயர். 1895ஆம் ஆண்டு பெரிங்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர், சனிக்கிழமை இரவு களித்து ஞாயிறு காலை நேரங்கழித்து எழுவார்க்கு இவ்வுண்டியே ஏற்றதென ஒரு கட்டுரை வரைந்தார். அதன்பின் இச்சொல் உலகெங்கும் பரவிற்று. மாமன் இதனை விளக்கியபோது யாம் வியப்புறவில்லை. எம்மூரில் இவ்வுண்டி நெடுங்காலமாக உண்டு. நேரங்கழித்து எழுவார் உண்பதன்று; விடியுமுன் எழுவார் உண்பது. உப்பளத்திற்குச் செல்வோர், வெயில் ஏறுமுன் வேலை முடிக்கவேண்டி, இருளிலேயே புறப்படுவர். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றிக் குவித்தபின், பத்து மணியளவிற் பானையோரம் அமர்ந்து, பழஞ்சோற்றையும் கருவாட்டையும் உண்பர். காலையுண்டியும் அதுவே, நண்பகலுண்டியும் அதுவே. எம் தாயாரும் அவ்வாறு உண்டே எம்மைப் படிக்க வைத்தார்.

எம் முன் மேசைமீது சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்பு இருந்தது. அதனை நோக்கியபோது எமக்கு உணவு இறங்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. சோற்றில் உப்பை இட்டவரை நினைக்கின்றோம். பாத்தியில் உப்பை விளைவித்தவரை நினைக்கின்றோமா? அவ்வாறே, மாளிகையைக் கட்டுவித்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம். கல் சுமந்தவர் யாரென்று கேட்பதில்லை. ஒல்லாந்தர் இக்கரைக்கு வந்தது எதற்காக? நம் கடலின் முத்திற்காகவும், நம் நெசவாளரின் துணிக்காகவுமே. மூச்சடக்கி மூழ்கியவர் பெயர் எச்சுவரிலும் இல்லை. பழங்கட்டடத்தில் உண்பது குற்றமன்று. அதன் சுவர்களை அழகிற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றிற்குப் பின்னின்ற மாந்தரை மறந்து உண்பதே குற்றம். இதுவே எம் துணிபு.

ஞாயிறு முற்பகலில் ஓய்ந்திருந்து உண்ணும் அவ்வோய்வும் இலவசமாய் வந்ததன்று. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடியிற் கோரல் ஆலைத் தொழிலாளர், கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர், தொழிலாளர் வென்றனர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1906இல், இதே கொழும்பிற்குக் கப்பல் விடவே சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். இவ்வரலாறெல்லாம் நம் நகரின் தெருக்களில் நிகழ்ந்தவை.

எனவே எம் விண்ணப்பம் இது. தூத்துக்குடியிற் கடற்கரைச் சாலையிலும் கிரேட் காட்டன் சாலையிலும் பழைய கட்டடங்களும் கிட்டங்கிகளும் உள்ளன. பூட்டிக் கிடப்பது எதனையேனும் இடித்துக் கண்ணாடிக் கடை கட்ட நினைப்பாரும், அழகிய உணவுச்சாலை ஆக்க நினைப்பாரும் இனி வருவர். பின்னவரையே யாம் வரவேற்கின்றோம். ஆயினும் மூன்று சொல்லுவோம். முதலாவது, சுவரையும் உத்திரத்தையும் மாற்றாது செப்பனிடுக. இரண்டாவது, வாயிலில் ஒரு பலகை வைத்து, கட்டடத்திற்கு உரியவர் பெயரோடு, அதில் மூட்டை சுமந்தார், முத்துக் குளித்தார், உப்பு வாரினார் செய்த தொழிலையும் எழுதுக. மூன்றாவது, தாழ்வாரத்தில் ஒரு பந்தி, எளியோர் கொடுக்கத்தக்க விலையில், பழஞ்சோறும் மீன் குழம்பும் கிடைக்குமாறு அமைக்க. முந்திரியும் முட்டையின் வெண்கருவும் கொண்டு நம்மூரார் செய்யும் மக்ரூன், உள்ளே உண்பார்க்கும் தாழ்வாரத்தில் உண்பார்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இது பெருஞ்செலவன்று. ஒரே கூரையின்கீழ் இரு பந்தி நடத்தல் தகுமோ என்று எம் நண்பர் ஒருவர் தடுத்துரைத்தார். தக்கதன்றுதான், ஒரே பந்தியாயின் இன்னும் நன்று. ஆயினும் கதவுக்கு வெளியே நிற்பதினும் தாழ்வாரம் மேலன்றோ? அங்கிருந்து கூடத்திற்கு வழி சில அடியே.

ஊர் திரும்பியபின் எம் தாயாரிடம் எல்லாம் கூறினோம். தேக்கு உத்திரத்தையும் வெள்ளைத் துணியையும் பொறுமையாய்க் கேட்டிருந்தார். முடிவில், “உப்பு உரப்பெல்லாம் சரியா இருந்துச்சா, மக்கா?” என்று மட்டும் கேட்டார். ‘சரியாயிருந்தது, அம்மா’ என்றோம். அவர் மறுநாள் விடியுமுன் எழவேண்டியவராகையால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். நம் நகரில் அத்தகைய உணவுச்சாலை ஒன்று எழுமாயின், அதன் முதற் பந்தியில் அவரை அமர்த்தி உண்பித்தல் வேண்டும் என்பது எம் அவா. படித்து முடித்துப் பணியேற்கவிருக்கும் நம் கல்லூரி அன்பர்களும், நகரிற் பொறுப்புடைய பழைய மாணவர்களும் இதனைச் சிந்தித்துச் செயற்படுத்துவாராக.