ரூட்டர் டேபிளுக்கு லிஃப்ட் வாங்கலாமா? முதல்ல நாலு ஞாயிற்றுக்கிழமை எண்ணுங்க!

வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பார்க்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, என் ரூட்டர் டேபிளுக்கு லிஃப்ட் வாங்கலாம்னு இருக்கேன். 30,000 ரூபாய் ஆகும். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, போட்டுடவா?"

வைஃபை ரூட்டர்னு நினைச்சுடாதீங்க. இது மரத்துல காடி எடுக்கிற, ஓரத்துல டிசைன் போடுற மெஷின். இதை மேசைக்கு அடியில தலைகீழா மாட்டினா ரூட்டர் டேபிள். பிட் எவ்வளவு மேல நீட்டணும்னு மாத்த, ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைப் பிடுங்கி, குனிஞ்சு, அடியில கையை விட்டு அட்ஜஸ்ட் பண்ணணும். லிஃப்ட் இருந்தா, நின்னபடியே மேல இருந்து கைப்பிடியைச் சுத்தினா போதும். 12 மில்லிமீட்டர் ஆழக் காடியை ஒரே தடவையில எடுக்க முடியாது, மூணு நாலு தடவையா இறக்கணும். அதனால லிஃப்ட் உபயோகமான பொருள்தான். கேள்வி, அது யாருக்கு உபயோகம் என்பதுதான்.

கணக்குப் போடுவோம். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மரவேலை. அன்னைக்கு 10 தடவை உயரம் மாத்துறார், ஒவ்வொரு தடவையும் 2 நிமிஷம் மிச்சம்னு வச்சுக்குவோம். மாசம் 4 ஞாயிறுக்கு 80 நிமிஷம். ஒரு மணி நேர உழைப்புக்கு 150 ரூபாய் மதிப்பு போட்டா, மாசம் 200 ரூபாய். 30,000 ரூபாய் திரும்பி வர 150 மாசம், அதாவது பன்னிரண்டரை வருஷம்!

அதே லிஃப்ட்டை, தினமும் 30 தடவை உயரம் மாத்துற முழுநேரத் தச்சர் வாங்கினா? நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மாசம் 25 நாளுக்கு 3,750 ரூபாய். எட்டே மாசத்துல போட்ட காசு திரும்பிடும். பொருள் ஒண்ணுதான். ஒருத்தருக்கு அது முதலீடு, இன்னொருத்தருக்கு ஆசை.

ஆசைப்படுறது தப்பில்லைங்க. ஆனா ஆசைக்கு "முதலீடு"ன்னு பேர் வச்சு கடன் வாங்குறதுதான் தப்பு. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டியைத் தள்ளுபடியா காட்டினாலும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும். பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் சேரும்.

அதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. நான் முதல் வேலையில சேர்ந்த புதுசுல ஒரு மெஷினை இஎம்ஐல வாங்கினேன். மூணாவது மாசம் அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. மெஷின் தூசி படிஞ்சு கிடந்தது, தவணை மட்டும் தேதி தவறாம வந்தது. கைமாத்து கேட்டு சித்தப்பா வீட்டு வாசல்ல நின்னது இன்னும் மறக்கல. ஆறு மாசச் செலவுக்குக் கையில பணம் சேராதவங்க ஆசைக்குத் தவணை கட்டக் கூடாதுன்னு நான் சொல்றது அந்த அனுபவத்துல.

அப்போ காலத்துக்கும் குனிஞ்சுட்டே இருக்கணுமா? வேண்டாம். நாம இருக்கிறது திண்டுக்கல்ல! கையால அரம் போட்டுச் செஞ்ச பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர். பழைய கார் ஜாக்கி ஒண்ணு எடுங்க. பக்கத்து லேத் பட்டறையில கைப்பிடி வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா 10 எம்எம் திரெட் ராடு போதும்: சாதாரண மரையில ஒரு சுத்துக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறும், கால் சுத்துக்கு 0.4-க்கும் கொஞ்சம் கம்மி. எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிச்சா, தம்பி கணக்குப்படியே 15 மாசத்துல காசு திரும்பிடும். ஜாக்கியை டேபிள் ஃப்ரேமோட போல்ட் போட்டு முறுக்குங்க. உயரம் வச்சதும் லாக் பண்ணுங்க. எந்த லிஃப்ட்டா இருந்தாலும் பிட் மாத்தும்போது ப்ளக்கைப் பிடுங்குங்க. விரலுக்கு இஎம்ஐ கிடையாது.

வாங்கித்தான் ஆகணும்னா, அந்த டேபிள்ல செஞ்ச ஸ்டூல், ஷெல்ஃப் வித்த காசைத் தனியா ஒரு கணக்குல போட்டு, 30,000 சேர்ந்ததும் வாங்குங்க. மெஷின் சம்பாதிச்சு மெஷின் வாங்கட்டும், சம்பளத்துல கை வைக்காதீங்க.

தம்பி இன்னும் ஆர்டர் போடல. டேபிள் பக்கத்துல ஒரு நோட்டு வச்சு, குனியுற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுறார். முதல் ஞாயிறு கணக்கு வந்தாச்சு: ஆறு கோடு.

நீங்க இப்போ கார்ட்ல போட்டு வச்சிருக்கிற பொருள் எது? அதுக்கும் நாலு வாரம் கோடு போட்டுப் பாருங்களேன்.